முதலில் சாக்கேயா, கோயிலா

புதன், 20.8.

காலையிலிருந்து மழை. சப்பாத்து நனைந்து, காலுறையும் நனைந்து, பத்து மணி வேலை நேர்முகத்துக்கு ஒன்பது ஐம்பத்தெட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

திருமதி கெஸ்லர். டுசல்டோர்ஃபில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு நடந்து ஊர் காட்டும் நிறுவனம் அவருடையது. ஒரு அறை, ஒரு மேசை, மூலையில் இரண்டு குடை. அவ்வளவுதான் நிறுவனம். சுற்றி வளைத்துப் பேசாத ஆள். பிடித்தது. (இனி கெ.)

சொன்னது:
– ஞாயிறு மதியம் இரண்டு மணி. பரீட்சை நடை. பன்னிரண்டு பேர்.
– முதலில் ஜப்பான் அரிசி மது, சாக்கே, ருசி பார்ப்பது, பிறகு ஜப்பான் கோயில். மூன்றரைக்கு முடிவு.
– கெ. பின்னால் வருவார். எழுதுவார். வாய் திறக்கமாட்டார்.
– சரியென்றால் செப்டெம்பரிலிருந்து நிரந்தர வேலை. சரியில்லையென்றால் இல்லை.

அப்பாவுக்குப் போன்.

"பல்லு டொக்டரிட்ட கதைச்சாச்சு பிள்ளை. முதலாந் திகதி அவுஸ்பில்டுங் பயிற்சி தொடங்குது. டோர்ட்மண்டிலயே. வீட்டில இருந்து நடந்து போகலாம்."

"நான் இன்னும் ஓம் சொல்லேல்லை அப்பா."

"நீ யூனிவர்சிட்டியை விடேக்க நானும் ஓம் சொல்லேல்லைத்தானே."

நாலாம் செமஸ்டரில் எழும்பி வந்தவள். திரும்பிப் பார்க்கவும் இல்லை. ஞாயிறு பின்னேரம் வரை தவணை வாங்கினேன். வேலை கிடைத்தால் இங்கே. கிடைக்காவிட்டால் டோர்ட்மண்ட், மூன்று வருடம், ஆட்களின் வாய்க்குள் லைட் பிடிக்கிறது. கிடைக்கும். கிடைக்க வைப்பேன்.

பின்னேரம் யென்ஸிடம் போனேன், ஞாயிறு ருசி பார்க்கப் போவது அவனிடம்தான். பழைய கார் கராஜ் ஒன்றுக்குள் சாக்கே செய்கிற ஜேர்மன்காரன். ஜப்பானில் ஆறு வருடம் இருந்தவன். அரிசியை அவித்து, பூஞ்சணம் தூவி, இந்த ஊர்த் தண்ணீரில் வாரக்கணக்காகப் புளிக்கவிட்டுப் பிழிகிறான். கிண்ணம் முட்டைக் கோது அளவு. தந்தான். அண்ணாந்து, உதடு படாமல், நேரே தொண்டைக்குள் விட்டேன். பழக்கம்.

"காருக்கு எண்ணெய் விடுறியோ?"

"எங்கட வீட்டில இப்பிடித்தான். வாய் படக்கூடாது."

"சரி, என்ன ருசி?"

"தண்ணி."

"மணம் மூக்குக்குப் போகவே இல்லை. மூண்டு மாசம் நான் பட்ட பாட்டை நேரா வயித்துக்க ஊத்திப்போட்டாய்."

திரும்ப. இந்தமுறை உதடு பட்டு, மெதுவாக. முதலாவது: கஞ்சி வடிக்கும்போது எழும்புகிற ஆவி. இரண்டாவது: வாழைப்பழம், சத்தியமாக வாழைப்பழம். மூன்றாவது மங்கலாக, பால் கலந்த மாதிரி. கள் நான் குடித்ததில்லை. ஆனால் இதுதான் கள் என்று முடிவெடுத்துவிட்டேன்.

வீட்டில் தண்ணீர்க் கிளாஸோடு பத்துத் தரம் பழகினேன். எட்டாவது தரம்தான் தலை தானாகப் பின்னால் போகாமல் நின்றது.

வியாழன், 21.8.

மழை விட்டது. ஒத்திகை. தனியாக, நிமிடம் பார்த்து.

யென்ஸிடம் மூன்று கிண்ணம். பிறகு நடை: இரண்டு தெரு, ட்ராம் கடவை, பெரிய வீடுகள், வேலி, கோயில். பதினைந்து நிமிடம். வழியில் சொல்ல வேண்டியதெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு போனேன். நாய் கொண்டுபோன ஒரு மனுசி ஒதுங்கி நடந்தார்.

வாசலில் நின்றுவிட்டேன்.

கால் உள்ளே போகவில்லை. வெறி இல்லை, மூன்று கிண்ணத்தில் என்ன வெறி. குடித்துவிட்டுக் கோயிலுக்குள்ளே என்று நினைத்ததும் முழங்காலுக்குக் கீழே ஆள் இல்லை.

நான் செய்துவிட்டு ஒன்றும் ஆகாத காரியங்கள்: மாட்டிறைச்சி. வெள்ளிக்கிழமை மாட்டிறைச்சி. தேருக்குப் போகாமல் ஐந்து வருடம். அம்மா கட்டிவிட்ட நூலைக் கத்தரிக்கோலால் வெட்டினது. அப்படிப்பட்டவள் நான். இது முருகன் கோயிலும் இல்லை. புத்தர். அதுவும் ஜப்பான் புத்தர்.

உள்ளே சரளைக் கல்லைச் சீராக வாரிக்கொண்டிருந்த ஒரு ஜப்பான் அம்மா நிமிர்ந்தார். ஒகாடா என்று சட்டையில் பெயர். ஜேர்மனில் கூப்பிட்டார்.

"வாங்கோ, திறந்துதான் இருக்கு."

"இப்ப ஏலாது. குடிச்சிருக்கிறன்."

சிரித்தார். "புத்தர் கோவிக்கமாட்டார்."

"அவர் இல்லை. நான்தான்."

திரும்பி வந்துவிட்டேன். ஆத்திரம். புத்தரில் இல்லை, காலில்.

வெள்ளி, 22.8.

ஒன்பது மணிக்கே கெ.-க்குப் போன். கோயிலை முதலில் வைப்போம், சாக்கேயைப் பிறகு.

"இல்லை."

"ஏன்?"

"ருசி பார்த்த ஆட்கள் சந்தோசமா நடப்பினம். தோட்டத்தில நல்லாப் படம் எடுப்பினம். நாலு மணிக்கு யென்ஸிட்ட சரக்கு ஏத்த வான் வரும், அங்க இடம் இல்லை. வேறை ஏதும் இருக்கோ?"

இல்லை என்றேன். கால் கதையை அவரிடம் எப்படிச் சொல்வது.

சரி. முடிவு: நான் குடிக்கமாட்டேன். மற்றவர்களுக்கு ஊற்றுவேன், கதை சொல்வேன், கிட்டவும் எடுக்கமாட்டேன். லேசு.

யென்ஸிடம் சொன்னேன். தலையாட்டினான், இல்லை என்று.

"என்ர மேசையில தன்ர கிண்ணத்தைத் தானே நிரப்புறதில்லை. நீ அவைக்கு ஊத்துவாய். பிறகு அவையில ஆரும் உனக்கு ஊத்துவினம். உன்ர கிண்ணம் வெறுமையா இருந்தா ஊத்திக்கொண்டேதான் இருப்பினம். நிரம்பினதை நீ எடுக்கிற வரைக்கும் ஒருத்தரும் தங்கடதை எடுக்கமாட்டினம்."

"எடுக்காட்டி?"

"பன்னிரண்டு பேரும் உன்ர முகத்தைப் பாத்துக்கொண்டு இருப்பினம். கெஸ்லரும்."

பின்னேரம் அப்பா. டொக்டர் வெள்ளை உடுப்புக்கு அளவு கேட்கிறாராம். மீடியம் என்றேன். ஏன் சொன்னேன்?

சனி, 23.8.

மேகம். மழை இல்லை. சட்டை அயர்ன் பண்ணினேன், கொலர் இரண்டு தரம்.

வழிகள்:
(அ) குடிக்கிற மாதிரி நடித்துப் பூச்சாடிக்குள் ஊற்றுவது. யென்ஸ் கொல்லுவான்.
(ஆ) மருந்து குடிக்கிறேன் என்று பொய். கெ. அதையும் எழுதுவார்.
(இ) ஆட்களை உள்ளே விட்டுவிட்டு வாசலில் நிற்பது. வழிகாட்டி வெளியே நிற்கிற நடைக்கு எதற்கு வழிகாட்டி.
(ஈ) குடித்துவிட்டு உள்ளே போவது. ஒன்றும் நடக்காது.

(ஈ)தான் லேசு. ஒன்றும் நடக்காது என்று எனக்கே தெரியும். மத்தியானம் முழுக்க (ஈ), (ஈ) என்று நடந்து திரிந்தேன். சோறு அடிப்பிடித்தது.

(ஈ) இல்லை. மற்றதை அங்கே பார்த்துக்கொள்வேன். கோயிலுக்குள்ளேயும் போவேன், வேலையும் எடுப்பேன்.

ஞாயிறு, 24.8.

நல்ல வெயில். இப்போது பின்னேரம் ஆறு. கை இன்னும் சாக்கே மணக்கிறது. ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

இரண்டு மணி. பதினொரு பேர் நேரத்துக்கு. பன்னிரண்டாவது ஆள் கோயிலில்தான் தொடக்கம் என்று நினைத்து அங்கே போய், திரும்பி ஓடி வந்தவர். மஞ்சள் மழைச்சட்டை, வெயிலில். மியூனிக்கிலிருந்து ஒரு தமிழ்நாட்டு ஜோடி, பிரபுவும் நித்யாவும். இரண்டு பேரும் ஐடி. என் பெயரைக் கேட்டதும் பிடித்துக்கொண்டார்கள்.

"அட, நீங்க தமிழா சிஸ்டர்? சூப்பர்ங்க! ஜெர்மன்ல டூர்னு பயந்துட்டே வந்தோம்." இது பிரபு.

நித்யா நேரே விஷயத்துக்கு வந்தார். "பிளான்ல ஃபர்ஸ்ட் டேஸ்டிங், அப்புறம் டெம்பிள்னு போட்டிருக்கே. குடிச்சிட்டுக் கோயிலுக்கா?"

"அது புத்தர் கோயில் நித்யா. ஒண்ணும் ஆகாது."

"கோயில்னா கோயில்தான். நீ குடி, வாசல்லயே நில்லு."

நான் ஆட்களை எண்ணினேன். கெ. மூன்று அடி பின்னால், கையில் எழுதும் அட்டை.

கராஜ். நீள மேசை. அரிசி, பூஞ்சணம், தண்ணீர் எல்லாம் சொன்னேன். தடக்கவில்லை. வாழைப்பழ மணம் சொன்னதும் எல்லோரும் மூக்கை விட்டுப் பார்த்தார்கள், ஓம் ஓம் என்றார்கள். சுற்றிவந்து ஊற்றினேன். நித்யா விரலால் கிண்ணத்தை மூடிக்கொண்டு, "அப்புறமா" என்றார். மற்றப் பதினொன்றும் நிரம்பின. பிரபு போத்தலைப் பிடுங்கி என் கிண்ணத்தை விளிம்பு வரை நிரப்பினார்.

யென்ஸ் சொன்னது அப்படியே நடந்தது. ஒருவரும் எடுக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். பின்னால் கெ.-யின் பேனை எழுதாமல் நின்றது.

கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுத்தேன். நெஞ்சளவுக்குத் தூக்கினேன்.

"நீங்கள் குடியுங்கோ. நான் இதைக் கோயிலுக்குப் பிறகு குடிப்பன். எங்கட ஆக்கள் குடிச்சிட்டுக் கோயிலுக்குள்ள போறதில்லை. அது வரைக்கும் இதைக் கையில வச்சிருப்பன்."

பிறகு குடித்தார்கள். இரண்டாவதும். என்னுடையது நிரம்பினபடி இருந்தபடியால் எனக்கு ஊற்ற ஒருவராலும் முடியவில்லை. மூன்றாவது மங்கல் சாக்கே ஊற்றியபோது மஞ்சள் சட்டை எழும்பினார்.

"அப்ப நானும் இதைக் கொண்டுவாறன்."

நித்யா கிண்ணத்தை நீட்டினார். "எனக்கும் ஊத்துங்க. கொண்டு வரேன்."

அவ்வளவுதான். பன்னிரண்டு பேரும். "என்ர கிண்ணம் வெளிய போறதில்லை!" என்று யென்ஸ் கத்தினான். ஆனால் நாங்கள் வெளியே நின்றோம்.

பதினைந்து நிமிட நடை முப்பத்தைந்து நிமிடம் எடுத்தது. பதின்மூன்று பேர், இரண்டு கையிலும் முட்டைக் கோது அளவு கிண்ணம், பார்வை அதிலேயே. ஒருவரும் படம் எடுக்கவில்லை, கை இல்லை. ட்ராம் கடவையில் பச்சை விழுந்து, சிவப்பு விழுந்து, திரும்பப் பச்சை விழுந்துதான் கடந்தோம்.

"பால்குடம் எடுக்கற மாதிரியே இருக்குப்பா," நித்யா.

"அரோகரா சொல்லவா?"

"சிரிக்க வைக்காத. சிந்துது."

பின்னால் ஒரு சைக்கிள்காரன் மணி அடித்துக்கொண்டு வேகமாக வந்தான். திரும்ப முடியாது எனக்கு. கெ. தெருவுக்குக் குறுக்கே இறங்கி, எழுதும் அட்டையைத் தூக்கிப் பிடித்து, அவனை நிற்பாட்டினார். வாய் திறக்கமாட்டேன் என்றவர், "நில்லுங்கோ! தெரியேல்லையோ, கையில நிரம்பி இருக்கு!" என்று ஏசினார்.

வாசலில் திருமதி ஒகாடா. ஒன்றும் கேட்கவில்லை, வேலிச்சுவரைக் காட்டினார். பதின்மூன்று கிண்ணமும் சுவரில் வரிசையாக. எங்கள் கோயில் வாசலில் செருப்புக் கிடக்கிற மாதிரி, ஒன்று நேராக, ஒன்று கோணலாக.

உள்ளே போனேன். கால் போனது. சும்மா, மற்றக் கால்களைப் போல. சப்பாத்துக் கழற்றும் படியில் எல்லோரையும் இருத்தி, பெரிய மணி, தோட்டம், குளத்து மீன் எல்லாம் சொன்னேன். மண்டபத்துக்குள்ளே பேசாமல் விட்டேன். அதுதான் நான் செய்ததிலேயே நல்லது என்று நினைக்கிறேன்.

வெளியே வந்தால் குளவி. ஆகஸ்ட், இனிப்பு மணம், வராமல் விடுமா. நாலு கிண்ணத்துக்குள் நீச்சல். என்னுடையதிலும் ஒன்று. இலையால் தூக்கிவிட்டேன், அது நடந்தே போனது. உதடு பட, மெதுவாகக் குடித்தேன். வெயிலில் சூடாகி இருந்தது. கஞ்சி மணம் இரண்டு மடங்கு. மஞ்சள் சட்டை கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நித்யா முகத்தைச் சுளித்து, "இதுக்கா இவ்ளோ தூரம்!" என்று பிரபுவிடம் மிச்சத்தைக் கொடுத்தார்.

நாலரை. ஆட்கள் போனபிறகு கெ.:

"ஒரு மணித்தியாலம் பிந்தி. கிண்ணம் கேட்காமல் எடுத்தது. கிண்ணத்துக்காக வான்காரன் காத்துநிக்கிறானாம். நான் சொன்ன ஒழுங்கை என்ர கண்ணுக்கு முன்னாலயே மாத்தினீங்கள்."

"ஓம்."

"நாளைக்குப் பத்து மணி. அலுவலகம்."

முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அப்பாவிடம் இன்னும் ஒரு நாள் தவணை கேட்டேன். "ஞாயிறு எண்டு நீதானே சொன்னனீ" என்றார். நாளைக்குப் பத்து மணி அப்பா, அதுக்குப் பிறகு ஒரு நிமிசமும் கேட்கமாட்டன் என்றேன். பெருமூச்சு. அதை ஓம் என்று எடுத்துக்கொண்டேன்.

திங்கள், 25.8.

தூறல். பத்து மணி. மேசையில் இரண்டு தாள்.

முதல் தாள் வேலை ஒப்பந்தம். என் பெயர். செப்டெம்பர்.

இரண்டாம் தாள் நடையின் ஒழுங்கு, புதிதாக அடித்தது. ராத்திரி இருந்து அடித்திருக்கிறார். சாக்கே இரண்டு கிண்ணம். மூன்றாவதைக் கையில் ஏந்திக் கோயிலுக்கு ஊர்வலம். சுவரில் வைப்பது. பிறகு குடிப்பது. நேரம் ஒரு மணித்தியாலம் கூட்டி. வானை ஐந்துக்கு மாற்றி. கிண்ணத்துக்குக் குளவி மூடி, என்று கையால் எழுதியும் இருந்தது.

"பன்னிரண்டு பேரில ஒன்பது பேர் எனக்கு எழுதிப்போட்டினம். எல்லாரும் அந்த நடையைப் பற்றித்தான்."

நாலாம் வரி: வழிகாட்டி முதல் கிண்ணத்தை விருந்தினருடன் அருந்துவார்.

"இது ஏலாது."

"குடிக்காத வழிகாட்டி பரீட்சை மண்டபத்து வாத்தியார் மாதிரி. ஒரு கிண்ணம்தானே."

"முதல் கிண்ணத்தைத்தான் நான் கையில கொண்டுபோறனான்."

"உங்கட சமயமோ?"

"தெரியாது. நான் சாமி கும்பிடுறதே இல்லை."

"அப்ப என்ன?"

"குடிச்சா நான் வாசலில நிண்டுபோவன். உங்களுக்கு உள்ள போற ஆள்தானே தேவை."

பேனையை எடுத்தேன். நாலாம் வரியை வெட்டி, மேலே எழுதினேன்: வழிகாட்டி கோயிலுக்குப் பிறகு அருந்துவார். அதற்குப் பிறகுதான் ஒப்பந்தத்தில் கையெழுத்து. இரண்டையும் அவர் பக்கம் தள்ளினேன்.

வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார். திரும்ப வாசித்தார். வெட்டின இடத்துக்குப் பக்கத்தில் தன் சின்னக் கையெழுத்தைப் போட்டார், ஒப்பந்தத்தில் பெரியதை. "முதலாந் திகதி, ஒன்பது மணி."

படியில் நின்றபடியே பல் டொக்டருக்கு நானே போன் எடுத்து, வரமாட்டேன் என்று சொன்னேன். இரண்டு நிமிடம். நல்ல மனிதர், வாழ்த்தும் சொன்னார்.

பிறகு அப்பா. வேலை என்னவென்று முழுதாகச் சொன்னேன், சாக்கேயையும் ஒளிக்காமல். கோயிலுக்குப் பிறகுதான் குடிப்பேன் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினதையும். அப்பா கேட்டது இதுதான்:

"குடிக்காத ஆக்கள் வந்தா அவைக்கு என்ன குடுப்பியள்?"

யோசிக்கவே இல்லை நான். யென்ஸிடம் ஏதாவது இருக்க வேண்டும், புளிக்காதது, அரிசியில். கடை பன்னிரண்டுக்குப் பூட்டுகிறான். ஓடுகிறேன்.