ஒன்றாம் நம்பர் கேப்

பிப்ரவரி 4

அன்புள்ள ரெக்கார்டுக்கு,

நலம், நலமறிய ஆவல். நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஜீப் எஞ்சினைப் பிரித்தபோது ஒவ்வொரு சாமானிலும் அட்டை கட்டி, ஒரு நோட்டில் எழுதி வைத்தாயே, அந்த நோட்டைக் காணவில்லை. பீரோ, பரண், சமையலறை டப்பாக்கள் எல்லாம் குடைந்துவிட்டேன். அட்டைகளில் வெறும் நம்பர்தான் இருக்கிறது. 'இ-17' என்றால் என்ன? ஒரு ஸ்பிரிங்கில் கட்டியிருக்கிறாய். வால்வு ஸ்பிரிங் மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது. உன் கையெழுத்துக்கு ஆஸ்பத்திரி வேலை சரிதான்.

எஞ்சின் பிளாக் கடைசலுக்குப் போய் வந்துவிட்டது. எங்கள் பஸ் டிப்போ மேஸ்திரி தடவிப் பார்த்துவிட்டு, "ராணுவ ஏலத்துல இப்படி ஒண்ணு கெடைக்குமாய்யா!" என்றார். நீதான் பழைய இரும்பு என்றாய்.

போன் பண்ணினால் கோபித்துக்கொள்கிறாய் என்பதால் கடிதம். உடனே பதில் போடு.

உன் வீட்டுக்காரன்

பி.கு.: அடுப்பில் இடது பக்கம் எரியவில்லை. என்ன செய்வாய் அதற்கு?


பிப்ரவரி 9

அன்புள்ள ஜீப்காரருக்கு,

நலமறிய ஆவல் என்று எழுதிய பேனா காய்வதற்குள் ஸ்பிரிங்குக்குத் தாவிவிட்டீர்கள். நான் நலம். கேட்டதற்கு நன்றி.

போனுக்கு ஏன் கோபம் என்றால், ரெக்கார்ட் ரூம் போனில் "ரிங்கெல்லாம் எங்கடி வச்ச?" என்று நீங்கள் கத்தியது பெரிய டாக்டர் அறைவரை கேட்டது. நான் யாருடைய மோதிரத்தையோ எடுத்துவிட்டேன் என்று இரண்டு நாள் பேச்சு. பிஸ்டன் ரிங் என்று விளக்கி மாளவில்லை.

நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. மறந்து எடுத்து வரவில்லை, வேண்டுமென்றே எடுத்து வந்தேன். ஒரு வருஷ மாற்றலுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன் என்று உங்களிடம் மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் "ம்" என்றீர்கள். மூன்றாவது தடவை வாயில் இரண்டு நட்டு வேறு. நான் பெட்டியோடு வாசலில் நின்றபோதுதான் "எங்க கிளம்பிட்ட?" என்று கேட்டீர்கள். நோட்டு என்னிடம் இருந்தால் இந்த மனுஷன் எதையாவது கேட்டு நாலு வரி எழுதுவார் என்று நினைத்தேன். எழுதிவிட்டீர்கள். வாழ்க.

இ என்றால் இதர சாமான். அந்த ஸ்பிரிங் எஞ்சினுடையதே இல்லை, நம் சமையலறைக் கதவினுடையது. எஞ்சினை ஹாலுக்குள் கொண்டுவரும்போது, "ஒரே வாரம், மழை நின்னதும் ஷெட்டுக்குப் போயிடும்" என்று சொல்லிக் கழற்றினீர்கள். இரண்டு வருஷம் ஆகிறது. மழை நின்றுவிட்டது என்று கேள்வி.

அடுப்பில் ஊசி போட்டுக் குத்த வேண்டும்.

மனைவி


பிப்ரவரி 20

அன்புள்ள ரெக்கார்டுக்கு,

ஊசி போட்டேன், எரிகிறது. நோட்டை அனுப்பு என்றால் அனுப்ப மாட்டாய், தெரியும். கேட்பதற்காவது பதில் எழுது.

இப்போது பெரிய தலைவலி ஷெல் பேரிங். எஞ்சினுக்கு நாலு கனெக்டிங் ராடு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பாதி, ஆக எட்டு வேண்டும். கிராங்க் தண்டை இழைத்து மெலித்திருப்பதால் பத்து தௌசண்ட் அண்டர்சைஸ், அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு சின்னது. இங்கே ஏறி இறங்காத கடை இல்லை. ஒருவன் டிராக்டர் பேரிங்கை எடுத்துக் கொடுத்து, "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்கிறான். அவன் வாயில் அதை மாட்டியிருப்பேன்.

உன் ஊரில் பழைய இரும்புச் சந்தை பெரியதாமே. ஞாயிற்றுக்கிழமை சும்மாதானே இருப்பாய், போய்ப் பார். அளவு பின்னால் எழுதியிருக்கிறேன். துருப்பிடித்ததை வாங்கி வந்துவிடாதே.

உன் வீட்டுக்காரன்


மார்ச் 3

அன்புள்ள உங்களுக்கு,

சும்மாதானே இருப்பாய் என்ற வரியை ஆறு தடவை படித்தேன்.

இரண்டு ஞாயிறு போனேன். வெயிலில், ஆண்கள் மட்டுமே நிற்கும் சந்தில், நடுவில் நான் ஒருத்தி கைப்பையோடு. முதல் நாள் யாரும் மதிக்கவில்லை. அடுத்த வாரம் ஒரு கடைக்காரரிடம் "பத்து தௌசண்ட் அண்டர்சைஸ், எட்டுப் பாதி" என்று சொன்னதும் ஸ்டூல் எடுத்துப் போட்டார்.

"யாருக்கும்மா?"

"வீட்டுக்காரருக்கு."

"அவரு வரலியா?"

"அவருக்கு எஞ்சின் வேல இருக்கு."

அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. உள்ளே போய், ராணுவ ஸ்டோரில் கட்டிய கட்டு அப்படியே பிரிக்காமல் ஒன்றைத் தூக்கி வந்தார். மெழுகுத் தாள், மேலே நம்பர். நீங்கள் எழுதிய அதே நம்பர். எனக்கே கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். பார்சலில் வருகிறது.

இன்னொரு விஷயம். இந்த மாதம் முப்பதாம் தேதிக்குள் நான் ஒரு படிவம் கொடுக்க வேண்டும். இங்கேயே நிரந்தரமாக இருக்கிறேனா, வருஷம் முடிந்து அங்கே திரும்புகிறேனா என்று. ஒருமுறை கொடுத்தால் மாற்ற முடியாது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

மனைவி


மார்ச் 15

ரெக்கார்டுக்கு,

பார்சல் வந்தது. பேரிங் முதல்தரம். ஆனால் நீ செய்து வைத்திருக்கும் காரியத்துக்கு என்னிடம் வார்த்தை இல்லை.

ராடுகளில் நான் பஞ்ச் அடித்து நம்பர் போட்டிருக்கிறேன். ராடின் அடியைக் கவ்வும் மூடி, அந்தக் கேப்புகளில் உன் அட்டை. ஒவ்வொரு ராடும் அதன் கேப்பும் சேர்த்துக் கடைந்த ஜோடி, மாற்றினால் பிடித்துக்கொள்ளும் என்று உன்னிடம் படித்துப் படித்துச் சொன்னேன். என் ஒன்றுக்கு உன் ஒன்று, என் இரண்டுக்கு உன் இரண்டு என்று பார்த்துப் பார்த்து மாட்டி, எண்ணெய் விட்டு, போல்ட்டை முறுக்கினால் கிராங்க் கல்லாக நிற்கிறது. கம்பி போட்டு இரண்டு கையாலும் திருப்பினேன், அசையவில்லை. மேஸ்திரி முன்னால் மானம் போயிற்று. மூன்று தடவை பிரித்து மாட்டியாயிற்று.

எதைப் பார்த்து நம்பர் போட்டாய்? ஆஸ்பத்திரியிலும் இப்படித்தான் ஒருவர் சீட்டை இன்னொருவருக்குக் கட்டுகிறாயா?

உடனே எழுது.


மார்ச் 18

ஐயா,

கையெழுத்துக்கூடப் போடாமல் கடிதம் எழுதும் அளவுக்குப் போய்விட்டீர்கள்.

பதினோரு வருஷமாக ரெக்கார்ட் ரூமில் இருக்கிறேன், ஒரு சீட்டு மாறியதில்லை. என் நம்பர் சரி. நோட்டு முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது: 'கேப் 1, சமையலறைப் பக்கம்.' நீங்கள் ஜன்னல் பக்கம் ரேடியேட்டர் முனையில் நின்றீர்கள். நான் பின்முனையில், சமையலறைக் கதவோரம் முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். கழற்றி நீட்டினீர்கள், வாங்கிக் கட்டினேன். எனக்குப் பக்கத்தில் இருந்தது எனக்கு ஒன்று. உங்களுக்குப் பக்கத்தில் இருந்தது உங்களுக்கு ஒன்று. உங்கள் ஒன்றுக்கு என் நாலை மாட்டுங்கள்.

எஞ்சினுக்கு முன் எது, பின் எது என்று ஒரு வார்த்தை நீங்களும் சொல்லவில்லை. நான் எங்கிருந்து எண்ணினேன் என்று ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. முறுக்கிவிட்டு என்னைத் திட்டத்தான் தெரிந்தது.

படிவத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. இன்னும் பன்னிரண்டு நாள். எனக்கு அலுத்துவிட்டது.

மனைவி


மார்ச் 23

அன்புள்ள உனக்கு,

நாலை மாட்டினேன். கிராங்க் ஒரு கையால் சுற்றுகிறது. மன்னித்துக்கொள். சீட்டு மாறுவதாக எழுதியது அயோக்கியத்தனம்.

கேப் மாட்டுவதற்காக உன் முக்காலியில் உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் நான் உட்கார்ந்ததே இல்லை. அங்கிருந்து பார்த்தால் எஞ்சினுக்கு மேலே ஜன்னல் பக்கத்து ஆளின் முகம் தெரியாது. மேஸ்திரியை நிற்க வைத்துப் பார்த்தேன். கை மட்டும் வருகிறது, "அத எடு, இதப் பிடி" என்று. அப்புறம் எழுந்து சமையலறைக்குப் போனேன். எஞ்சின் ஸ்டாண்டு இடித்து, கதவு ஒரு சாணுக்கு மேல் திறக்காது. இத்தனை நாள் நானும் அதில் நுழைந்துதான் போனேன், இப்போதுதான் கவனித்தேன். நிலையில் இடுப்பு உயரத்துக்கு பெயிண்ட் தேய்ந்திருக்கிறது. நீ உரசிப் போன இடம். இரண்டு வருஷம் பக்கவாட்டில் நுழைந்து எனக்குச் சமைத்துப் போட்டிருக்கிறாய். நீ ஒருமுறை சொல்லியிருப்பாய். "ம்" என்றிருப்பேன்.

படிவத்தை மறக்கவில்லை. வந்துவிடு என்று எழுதினால், எதற்கு என்று கேட்பாய். சொல்ல ஒன்றும் இல்லாமல் பேரிங் பேரிங் என்று எழுதிக்கொண்டிருந்தேன். நீ இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான் தெரிகிறது.

எஞ்சினை நேற்று ஷெட்டுக்குக் கொண்டுபோய்விட்டோம். வா.

உன் வீட்டுக்காரன்


மார்ச் 29

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. நிலைப் பெயிண்டைப் படித்துவிட்டு ரெக்கார்ட் ரூமில் உட்கார்ந்து அழுதேன். மோதிரப் பேச்சு மறுபடி ஆரம்பித்திருக்கும்.

ஆனாலும் இன்று படிவத்தில் 'நிரந்தரம்' என்றுதான் எழுதிக் கொடுத்தேன். கோபத்தில் இல்லை. இந்த ரெக்கார்ட் ரூமுக்கு நான்தான் பொறுப்பு. இங்கே என்னைக் கேட்டுத்தான் எதுவும் நகர்கிறது. அது எனக்குப் பிடித்திருக்கிறது. திரும்பி வந்தால், அதை விட்டு வந்த கோபத்தை என்றைக்காவது உங்கள்மேல் காட்டுவேன்.

இந்த ஊர் டிப்போவில் இரண்டு ஃபிட்டர் இடம் காலியாம், நேரில் போய் விசாரித்தேன். மாற்றல் படிவம் இத்துடன் இருக்கிறது. பிறந்த தேதி, சர்வீஸ் எல்லாம் நிரப்பிவிட்டேன், கையெழுத்து மட்டும் பாக்கி. 'காரணம்' என்ற இடத்தில் 'மனைவியோடு இருக்க' என்று எழுதியிருக்கிறேன். அது உங்கள் காரணம் இல்லையென்றால் படிவத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள், எனக்குத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

வண்டி ஓடட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று மட்டும் எழுதாதீர்கள். அதைப் படிக்க என்னிடம் இனிமேல் பொறுமை இல்லை.

மனைவி


ஏப்ரல் 6

அன்புள்ள உனக்கு,

படிவத்தில் எதையும் அடிக்கவில்லை. என் சர்வீஸை ஒரு வருஷம் கூட்டி எழுதியிருந்தாய், அதை மட்டும் திருத்திக் கையெழுத்துப் போட்டு மேனேஜரிடம் கொடுத்துவிட்டேன். உத்தரவு வர இரண்டு மாதம் ஆகுமாம். அதற்கு முன்னால் நாலு நாள் லீவு எடுத்திருக்கிறேன்.

எஞ்சின் நேற்று ஓடியது. பதினோரு நிமிஷம். சத்தம் நன்றாக இருந்தது, பிறகு தானாக நின்றுவிட்டது. மேஸ்திரி ஸ்பேனரை எடுத்தார், வேண்டாம் என்றேன். ஏன் நின்றது என்று நான் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன்.

உன் வீட்டுக்காரன்