பிராக்டிகலுக்கு முன்னால் சித்தூர் போனது

மார்ச் 3, செவ்வாய்

காலையிலேயே வெயில். திருப்பதி ஹாஸ்டலில் தண்ணீர் இல்லை. பக்கெட்டோடு கீழே மேலே.

லேபில் கரண்ட் அளக்கும் டேன்ஜென்ட் கால்வனாமீட்டர். திங்கட்கிழமை பிராக்டிகல் என்பதால் இதுதான் கடைசிப் பயிற்சி. காந்த முள் ஓரிடத்தில் நிற்கவே இல்லை. சார் வந்து தெலுங்கில் கத்தினார். முள் பெட்டிக்குப் பக்கத்தில் ஹரி ஃபோனை வைத்திருந்தான், அதனால்தான். அது அடிக்கவும் எடுத்துக்கொண்டு வெளியே போனான். ரொம்ப நேரம் வரவில்லை. நானே அளவு பார்த்து நானே எழுதினேன்.

முதல் செமஸ்டரில் சார் ஜோடி பிரித்தபோது ஒரே மேஜைக்கு வந்தவர்கள் நானும் ஹரியும். அவன் அளவு படிப்பான், நான் எழுதுவேன். அப்படித்தான் ஆரம்பித்தது.

திரும்பி வந்ததும் சொன்னான்: "நம்ம விஷயம் அம்மாக்குத் தெரிஞ்சிபோச்சு, சுமதி."

"திட்டினாங்களா?"

"இல்ல. உன்னப் பாக்கணுமாம். ஞாயித்துக்கிழமை சித்தூருக்குக் கூட்டினு வரச் சொன்னாங்க. நல்லாதான் பேசினாங்க."

நல்லாதான் பேசினாங்க. நாள் முழுக்க இதே காதில்.

மார்ச் 5, வியாழன்

படிக்க வேண்டியவை: காஸ் விதி (இன்னும் பிடிபடவில்லை), லென்ஸ் விதி, நியூட்டன் வளையங்கள், விளிம்பு விளைவு. ஓரத்தில் "நீலச் சுடிதாரா பச்சையா" என்று கிறுக்கியிருக்கிறேன். வெட்கம்.

தமிழ் மீடியத்தில் "மின்புலம்" என்று படித்தது. இங்கே சார் சொல்வது தெலுங்கில், புத்தகம் இங்கிலீஷில். ஒவ்வொன்றும் மூன்று முறை புரிய வேண்டியிருக்கிறது. ஆனால் புரிந்துவிட்டால் ஒரு சந்தோஷம். அதை ஹரியிடம்தான் சொல்வேன்.

ரூம்மேட் யமுனா குடுபல்லிக்காரி. மனதில் பட்டதைச் சொல்லிவிடுவாள்.

"நீங்க என்ன ஆளுங்கன்னு அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும். மொதல்லயே சொல்லிட்டேன்."

"அவங்கம்மாவுக்கு?"

தலை வாரிக்கொண்டே இருந்தேன்.

மார்ச் 8, ஞாயிறு

நீலம்தான். யமுனா மல்லிகை வாங்கி வந்து வைத்துவிட்டாள். ஹரி வெள்ளிக்கிழமையே ஊருக்குப் போய்விட்டதால் தனியாக பஸ். பாகாலா தாண்டும்வரை ஜன்னலோரம் சிரித்துக்கொண்டே வந்திருக்கிறேன் போல. பக்கத்து அம்மா "என்ன விசேஷமா?" என்றார்.

வீடு பெரியது. வாசலில் துளசி. அவன் அம்மா வேலூர்ப் பக்கம் பிறந்தவர், நன்றாகத் தமிழ் பேசினார். கையைப் பிடித்து உட்கார வைத்தார். இவன் ரெக்கார்டெல்லாம் நீதான் பார்த்துக் கொடுத்தாயாமே என்றார்.

பிறகு: "உங்க ஊரு நாகலாபுரத்துல எந்தப் பக்கம்மா?"

"கோயில் தாண்டி, ஆன்ட்டி."

"தாண்டின்னா?"

"காலனி."

"ஓ" என்றார். முகம் மாறவில்லை. உள்ளே போனார். டப்பா திறக்கும் சத்தம், பிளாஸ்டிக் கவர் கிழிக்கும் சத்தம். காபி வந்தது. அவருக்கு, ஹரிக்கு, அவன் அப்பாவுக்கு எவர்சில்வர் டம்ளர். எனக்குப் பேப்பர் கப்.

ஹரி பார்த்தான். பார்த்தான் என்பது எனக்கு நிச்சயம். பிறகு ஃபோனை எடுத்துப் பார்த்தான். காபி முடியும்வரை அதிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"நல்லாப் படிக்கற பொண்ணு. நல்லாப் படி. இத இதோட விட்டுடும்மா" என்றார் அவன் அம்மா. கோபமே இல்லை.

கப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் பஸ் ஸ்டாண்டு வரை கையிலேயே கொண்டு வந்தேன்.

நாளைக்குப் பரீட்சை. ஒரு எழுத்தும் ஏறவில்லை.

மார்ச் 9, திங்கள்

எனக்குச் சீட்டில் நியூட்டன் வளையங்கள். அடுத்த மேஜையில் ஹரிக்கு டேன்ஜென்ட் கால்வனாமீட்டர். வேண்டுமென்றே அமைந்தது மாதிரி.

சோடியம் விளக்கு மெதுவாக மஞ்சளானது. மைக்ரோஸ்கோப்பில் வளையங்கள் தெளிவாக, அழகாக. கண்ணில் தண்ணீர் வந்தால் எல்லாம் கலங்கிவிடும். துடைத்துத் துடைத்து அளவு எடுத்தேன்.

பக்கத்திலிருந்து ரகசியமாக: "சுமதி, கரண்ட்ட திருப்பினா அளவு ஒத்து வரல."

பேசக் கூடாது என்று வந்தவள். "காயில் சுருள மொதல்ல வடக்கு தெற்கா வை. அப்புறம் பெட்டியத் திருப்பி முள்ள ஜீரோல நிறுத்து" என்றேன். ஏன் சொன்னேன்? தெரியவில்லை. அவன் தப்பாகச் செய்வதைப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

வைவாவில் வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர், வளையங்களின் நடு ஏன் கறுப்பாக இருக்கிறது என்று கேட்டார். லென்ஸும் கண்ணாடியும் தொடும் இடத்தில் வழி வித்தியாசம் இல்லை, ஆனால் ஒரு ஒளி மட்டும் திரும்பும்போது அரை அலை மாறிவிடுகிறது, அதனால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன என்றேன். மறுபடி கண்ணைத் துடைத்தேன்.

"ஏம்மா அழற?"

"சோடியம் லைட், சார். கண்ணு எரியுது."

நல்ல மார்க் போட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

வராந்தாவில் ஹரி காத்திருந்தான். "அம்மா அப்படித்தான். மனசுல வச்சிக்காத. கொஞ்ச நாள் போகட்டும், நான் பேசறேன்."

"உங்கம்மாவ நான் ஒண்ணும் சொல்லல. நீ ஏன் ஃபோனப் பாத்துக்கினு இருந்த?"

பதில் வரும் என்று நின்றேன். உண்மையாகவே நின்றேன். பெல் அடித்தது. அவன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மார்ச் 11, புதன்

நேற்று ஊரிலிருந்து அப்பா ஃபோன். நைனாவிடம் "ம்" "ம்" என்று மட்டும் சொன்னேன். இன்று காலை டிராக்டர் வேலைக்குப் போகாமல் திருப்பதி பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்கிறார். பையில் வேர்க்கடலை. சட்டை கசங்கி.

"இன்னா ஆச்சு? துன்னியா இல்லியா? எவனாச்சும் இன்னாவாச்சும் பண்ணானா?"

"இல்ல நைனா."

பெஞ்சில் உட்கார்ந்து சொன்னேன். முழுசாக. ஹரி, சித்தூர், கப். முதலில் திட்டுவார் என்று நினைத்தேன். கடலையை உரித்து உரித்து என் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"நானு குடிக்காத கப்பா" என்றார். கொஞ்சம் கழித்து, "காப்பி சூடா இருந்துச்சா?"

இது என்ன கேள்வி. சிரித்துவிட்டேன். சிரிப்பு பாதியிலேயே வேறாகிவிட்டது. சுற்றிலும் மலைக்குப் போகிற ஜனம், மொட்டைத் தலைகள், பைகள், எல்லோரும் பார்க்கிறார்கள். முகத்தை மூடிக்கொண்டேன்.

"அழு. நானு இங்கதான உக்காந்துக்கினு இருக்கேன்."

"உன் பஸ் நைனா."

சத்தியவேடு பஸ் வந்து நின்றது. கண்டக்டர் "புத்தூர், நாகலாபுரம்" என்று கூவினார். நைனா தலையைக்கூடத் திருப்பவில்லை. அது போய்விட்டது. அடுத்ததும் வந்தது.