குரங்கு எத்தனை தடவை அசைந்தது

ஜூலை 14, திங்கள்

விடியலிலிருந்து மழை. தாகேதாவில் பஸ் ஏறும் முன்பே இடுப்பில் சுற்றிய தமெயின் முழங்கால்வரை நனைந்துவிட்டது.

ஆபீசில் புது வேலை. வெளிநாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றின் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள். ராக்கெட்டில் மனிதன் போகும் முன், குரங்கை நாற்காலியில் கட்டிச் சுழற்றிப் பார்த்தவை. தலை, கை, வாய் - நிமிடத்துக்கு எத்தனை அசைவு என்று எண்ணிக் கணினியில் பதிய வேண்டும்.

மேலாளர் கோ ஸோ: "துடிச்சாலும் அசைவுதான். விடாம எண்ணுங்க."

பக்கத்து நாற்காலி மேரி அக்கா. என்னை இங்கே சேர்த்துவிட்டவள். புருஷன் இல்லை, இரண்டு பெண்கள்.

"பாக்க முடியலடி செல்வி. வாயத் தொறந்து தொறந்து மூடுது."

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. 31, 28, 40.

வாங்க: சோப்பு, கருவாடு, அம்மா மாத்திரை.

ஜூலை 15, செவ்வாய்

கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் இரைச்சல்.

மேரி அக்கா படத்தை ஓடவிட்டு ஜன்னலைப் பார்க்கிறாள். வாய்க்கு வந்த எண்ணைப் போடுகிறாள்.

"யாருக்குடி தெரியப் போவுது? அது செத்து எத்தனை காலமோ."

மத்தியானம் அவள் கொண்டுவந்த மோஹிங்கா மீன் நூடுல்ஸில் பாதி எனக்கு.

ஜூலை 17, வியாழன்

எங்கள் இருவரில் ஒருவரை நிறுத்துவார்களாம். யாரென்று திங்களன்று சொல்வார்களாம்.

மூன்று மணிக்கு கோ ஸோவின் அறைக்குப் போய், அக்கா எண்ணாமல் போடுவதைச் சொல்லிவிட்டேன்.

அவர் அக்காவின் கடைசிப் படத்தைப் போட்டுப் பார்த்தார். கடைசி மூன்று நிமிடம் குரங்கு தலை தொங்கிக் கிடக்கிறது. அக்கா எழுதியிருப்பது 21, 22, 21.

எல்லோரையும் கூப்பிட்டார். "வாங்க, மா மேரி செத்த குரங்குக்கு உயிர் கொடுத்திருக்காங்க!"

அவளைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்து, முதலிலிருந்து சத்தமாக எண்ணச் சொன்னார். எண்ணினாள். அழுதுகொண்டே. குரல் உடைந்தபோது, "கேக்கல, இன்னும் சத்தமா" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

ஜூலை 18, வெள்ளி

மழை விட்டு வெயில். மேரி அக்கா இல்லை. அவள் படங்கள் இனி எனக்கு. பத்து முடித்தேன். அவள் நாற்காலிக் குஷனையும் எடுத்துக்கொண்டேன், முதுகுக்கு நல்லது.

சாயந்திரம் அவளே போன் செய்தாள்.

"யாரு சொன்னாங்கன்னு தெரியுமாடி?"

"தெரியலக்கா."

"நல்லவங்க இல்லடி அங்க. நீ பத்திரமா இரு. எனக்கு வேற எடம் கெடைச்சா உன்னையும் இழுத்துக்கறேன்."

சரிக்கா என்றேன்.