நாய்வண்டிக்காரரு

குலுசுக் தீவு, ஏப்ரல்

என் மகளுக்கு,

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். அன்று குளிருக்கு நான் உள்ளே போட்டிருந்தது நீ விட்டுப்போன பூப்போட்ட காற்சட்டை.

நீ வழிகாட்டிக் கூட்டிப்போகும் பனிச்சறுக்கு விருந்தாளிகளை நாய்வண்டியில் மலையடிவாரம் சேர்த்ததும், "அம்மா, பாத்துப் போ" என்றேன். செத்துப்போன என் அம்மாவின் பெயரை வைத்த பெண்ணை நம் வழக்கப்படி வேறெப்படிக் கூப்பிடுவது?

"யாரு இவரு, உன்னை அம்மாங்கிறாரு?" என்று டேனிஷில் கேட்டாள் விருந்தாளி ஒருத்தி.

"நாய்வண்டிக்காரரு. இந்த ஊர்ல எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவாங்க" என்றாய். எனக்கு அரைகுறை டேனிஷ் புரியும், மகளே. நாய்கள்கூடத் திரும்பிப் பார்த்தன.

அடுத்த கூட்டத்திடமாவது, "எங்கப்பா" என்று சொல்வாயா? முடியாதென்றால் வேறு வண்டி பிடித்துக்கொள்.

திரும்பும் வழியில் வண்டி கவிழ்ந்தது. நீ வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய கேக்கை நாய்கள் தின்றுவிட்டன. உன் தாயாரிடம் வெறும் டப்பாவைக் கொடுத்தேன்.

உன் அப்பா