லீவு போடத் தெரியாத பன்னிரண்டு பேர்

ஜூலை 4
மாலைப் பட்டறைக்கு இன்றும் பன்னிரண்டு பேரும் ஆஜர். போன வருடம் பள்ளிப் பக்கமே தலைவைக்காத கூட்டம்! அரசு நிதியில் மோட்டார், பேட்டரி, வயர் வாங்கிக் கையில் கொடுத்ததிலிருந்து, "ஞாயித்துக்கெழமையும் வரவா மிஸ்?" என்று உயிரை வாங்குகிறார்கள். முன்பெல்லாம் வந்த வேகத்தில் காணாமல் போய்விடும் எட்டாம் வகுப்பு மின்னல், கதவைத் திறந்தால் அலறும் மணி ஒன்றைச் செய்து பட்டறையில் மாட்டியிருக்கிறாள். காது போச்சு.

ஜூலை 8
நிதி தரும் அலுவலகத்திலிருந்து கடிதம். படிப்பை நிறுத்திவிடும் அபாயமுள்ள பிள்ளைகளுக்குத்தான் நிதியாம். மாதத்தில் எட்டு நாளாவது வராதவர்களே அபாயமுள்ளவர்களாம். எங்கள் வருகைப் பதிவேட்டில் ஒருநாள்கூட விடுப்பு இல்லை! பதினெட்டாம் தேதி அதிகாரி வருகிறார்.

தலைமையாசிரியர் தலையில் கைவைத்தார். "யாரும்மா உங்கள இவ்ளோ நல்லா நடத்தச் சொன்னது?"

நிதி நின்றால் பட்டறை இல்லை. பட்டறை இல்லையென்றால் மின்னலும் இல்லை. பயமாக இருக்கிறது.

ஜூலை 9
வெட்கக்கேடு. "எட்டு நாள் லீவு போடுங்கப்பா" என்று கெஞ்சினேன். வீடு வீடாகப் போய் இவர்களை இழுத்து வந்த நானா?

"வரலன்னாலும் திட்டுறீங்க, வந்தாலும் திட்டுறீங்க," என்றாள் மின்னல். ஆனாலும் விடுப்புக் கடிதம் கொடுத்துவிட்டுப் போனார்கள். பன்னிரண்டு பேருக்கும் வயிற்றுவலி. ஒரே கையெழுத்து.

ஜூலை 15
நான்கு மணிக்கே வீட்டில் இருக்கிறேன். பட்டறையில் பசை மட்டும் குறைந்துகொண்டே போகிறது. எலி பசை தின்னுமா?

ஜூலை 18
அதிகாரி மாலையில்தான் வந்தார். பதிவேட்டைப் பார்த்தார், தலையசைத்தார். "பட்டறையையும் பாத்துடலாம்."

கதவைத் திறந்தார். மணி அலறியது. மேசைக்கடியில் இருபத்து நான்கு கால்கள்.

"நீங்கள்லாம் லீவுல்ல?"

"ஆமா சார்," என்று மின்னல் தலையை நீட்டினாள். "லீவு போட்டுட்டுத்தான் தெனமும் வர்றோம். ஜன்னல் வழியா வந்தா மணி அடிக்காது."

எலி! எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "நான்தான் சார் லீவு போடச் சொன்னேன்," என்று உளறிக்கொட்டினேன். அவரோ சட்டைக் கையை மடித்துவிட்டு, மணியை எப்படி நிறுத்துவது என்று மின்னலிடம் கேட்டார். போக ஏழு மணி ஆனது.

ஜூலை 31
அறிக்கை வந்தது. "பன்னிரண்டு பேரும் விடுப்பு எடுத்துக்கொண்டு வகுப்பில் இருந்தனர். பட்டறையை மூடினால் இவர்கள் நின்றுவிடும் அபாயம் தெளிவாகத் தெரிகிறது. நிதி தொடரலாம்."

கீழே பேனாவில் ஒரு வரி: மணிச் சத்தத்தைக் குறைக்கவும்.

மின்னல் குறைக்க மாட்டாளாம். ஜன்னலுக்கும் ஒன்று செய்துகொண்டிருக்கிறாள்.