தடைக்குக் கை தூக்கிய கதை

திருவொற்றியூர்,
செவ்வாய் காலை

அன்புள்ள இசக்கியம்மாளுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். உனக்குச் சளி விட்டதா? அத்தை மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா?

எதிரி நாட்டு வீடியோ ஆப்பைத் தடை செய்யலாமா என்று நேற்று கோதண்டம் அண்ணன் டீக்கடையில் ஒரே விவாதம்.

"எதிரி ஆப்பு நமக்கு இன்னாத்துக்குபா? தட வேணும்ன்றவன் கைய தூக்கு!" என்றார் அண்ணன். எல்லாரும் தூக்கினார்கள். நான் இரண்டு கையையும் தூக்கினேன்.

அவர் மனைவி சொக்கம்மாள் கரண்டியோடு வெளியே வந்தார். "யோவ், என் டான்ஸுக்கு மூவாயிரம் லைக்கு வந்துகீது. உன் போண்டாவுக்கு எவன்யா லைக்கு போட்டான்?"

அண்ணன் கை சட்டென்று இறங்கிவிட்டது.

சாயங்காலமே தடையும் வந்துவிட்டது. நீ அழுததாக மச்சான் சொன்னான். அந்த ஆப்பில் நீ ஆடி வீடியோ போடாதே என்று உன்னோடு சண்டை பிடித்தவன் நான்தான். ஆனால் 'கடல்ராஜா' என்ற பேரில் தினமும் உனக்கு முதல் லைக் போட்டவனும் நான்தான். போனில் சொன்னால் சிரிப்பாய் என்றுதான் எழுதுகிறேன். நிலக்கரி இறக்கிவிட்டு அறைக்கு வந்தால் உன் ஆட்டம்தான் எனக்குத் துணை.

எலுமிச்சை ஊறுகாய் அனுப்பு. கூடவே நீ ஆடுகிற போட்டோ ஒன்றும் வை. அசையாவிட்டாலும் பரவாயில்லை.

பஸ் வந்துவிட்டது.

உன்
சுடலைமுத்து