இந்தப் பக்கம் மேலே

உன் மகள் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன பிஸ்கட் டின்னை இன்று காலைதான் திறந்தேன். நான்கு நாளாக அது சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் இருந்தது. அதைச் சுற்றியே தட்டை வைத்தேன், எடுத்தேன், மேசையைத் துடைத்தேன். மூடி துருப்பிடித்து இறுகியிருந்தது. கரண்டிக் காம்பால் நெம்பியதும் ரப்பர் வாசனை வந்தது. செருப்புத் தைப்பவரிடம் நீ கேட்டு வாங்கிவரும் அடித்தட்டு ரப்பரின் வாசனை; அதோடு கொஞ்சம் மை, கொஞ்சம் கற்பூரம். டின்னை மூடிவிட்டுப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். பிறகு மறுபடி திறந்தேன்.

உள்ளே இருந்ததைக் கடைசியில் சொல்கிறேன். எதையும் வரிசையாகச் சொல்லும்படிதான் கான்வென்டில் என்னை வளர்த்தார்கள்.

மலாக்காவின் பத்து பெரண்டாம் பகுதியில் என் வீட்டுக்கு எதிர் வரிசையில் நீ குடிவந்தபோது என் கணவர் இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. துக்கம் கேட்க வருகிறவர்கள் ஓய்ந்துபோயிருந்தார்கள். செலண்டார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள், சின்ன வயதிலேயே பால்மரம் வெட்டப் போனவள், இப்போது பேக்டரிக்கு ஷிப்ட் போகிறாள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். எனக்கும் அவளுக்கும் என்ன பேச்சு இருக்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன். நான் மூன்று வயது மூத்தவள் என்பதால் நீ என்னை அக்கா என்றாய். நான் முதல் நாளிலிருந்தே உன்னை நீ என்றேன். அந்த உரிமையை உன்னிடம் கேட்டு நான் எடுத்துக்கொள்ளவில்லை.

டவுனில் காகிதம், பேனா விற்கும் கடையின் மாடியில், கோலாலம்பூரிலிருந்து ஒரு பெண்மணி வந்து சனிக்கிழமைகளில் வகுப்பு நடத்தினார். ரப்பரில் படம் வெட்டி அச்சு செய்வது, அதை மையில் தொட்டு ஒற்றி வாழ்த்து அட்டை செய்வது, காகிதத்தை மடித்துப் பெட்டியும் பூவும் செய்வது. வீட்டின் அமைதி தாங்காமல் நான் சேர்ந்தேன். பஸ்ஸில் தனியாக உட்கார்ந்து போகப் பிடிக்காமல் உன்னையும் கூட்டிப்போனேன். இதுதான் உண்மை. உன் கையில் என்ன இருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

முதல் நாள் அந்த அம்மா உளிகளை மேசையில் பரப்பினார். நுனியில் இரு பக்கமும் மடிந்த ஒரு சின்ன உளியை எடுத்து நீ வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாய்.

“அக்கா, இங்க பாருங்க. நம்ம பால்வெட்டுக் கத்தி குட்டி போட்டிருக்கு!”

வகுப்பே சிரித்தது. நான் உன் முழங்கையைத் தட்டி, மெதுவாகப் பேசு என்றேன். ஒரு மணி நேரத்தில் நீ வெட்டிய வெற்றிலையை அந்த அம்மா எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். நரம்பு நரம்பாக இருந்தது. எவ்வளவு ஆழம் என்று எப்படித் தெரிந்தது என்று பஸ்ஸில் கேட்டேன்.

“கைக்குத் தெரியும்க்கா. பட்டைய மட்டும் சீவணும், மரத்துல காயம் படக் கூடாது. அப்புறம் கோடு இருக்கு பாருங்க, இடது பக்கம் மேல, வலது பக்கம் கீழ. எப்பவும் அப்படித்தான். மாறிச்சுன்னா கங்காணி வெட்டுக்காட்டுலயே நிக்க வச்சி ஏசுவாரு லா. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் எனக்கு இடது வலது மாறாது.”

நீ சொன்ன எல்லாவற்றையும் மறந்துவிட்டாலும் இந்தக் கடைசி வாக்கியத்தை மறந்துவிட்டேன் என்று என்னால் சொல்ல முடியாது.

அதன் பிறகு என் சாப்பாட்டு மேசைதான் நம் பட்டறை. படம் வரைவதும், காகிதம் வெட்டி மடிப்பதும் நான். வெட்டுவது நீ. ஒற்றுவது இருவரும். ஈர மைமேல் தங்கநிறப் பொடியைத் தூவி, ரொட்டி வாட்டும் டோஸ்டருக்கு மேல் நீ அட்டையைக் காட்டுவாய். பொடி உருகிக் கோடுகள் மினுங்கும்போது, “கல்யாணப் பொண்ணு வந்தாச்சு” என்பாய், ஒவ்வோர் அட்டைக்கும். ஒரு நூல் தள்ளி ஒற்றியிருந்தாலும் நான் அதைக் குப்பையில் போடுவேன். நீ குனிந்து எடுத்துப் பைக்குள் வைத்துக்கொள்வாய்.

“அக்கா கண்ணுக்குள்ள ஸ்கேல் வச்சிப் பொறந்தவங்க. அந்தக் கண்ணால என் மூஞ்சியப் பாக்காதீங்க, அதுவும் கோணலாத்தான் இருக்கும்.”

நான் சிரித்திருக்கிறேன். என் கணவர் போன பிறகு அந்த வீட்டில் நான் சத்தமாகச் சிரித்தது உன்னால்தான். இதையும் உன்னிடம் சொன்னதில்லை.

இரண்டாம் வருஷம், டவுனில் ஒரு ஓட்டல் மண்டபத்தில் கைவினைக் கண்காட்சி நடந்தது. தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. நமக்கு ஒரு மேசை கொடுத்தார்கள். மாலையில் எல்லோருக்கும் அச்சு ஒற்றிக் காட்டவும் கேட்டிருந்தார்கள். அதற்காக நான் ஒரு படம் வரைந்தேன். வளையல் அணிந்த ஒரு கை, அகல் விளக்கை நம்மை நோக்கி நீட்டுகிறது. விரல் நகம்வரை வரைந்தேன். அதைவிட நல்ல படம் நான் வரைந்ததில்லை.

அச்சு வெட்டுகிற யாருக்கும் தெரியும், ரப்பரில் படம் இடவலம் மாறி இருந்தால்தான் காகிதத்தில் சரியாக விழும். அதற்காகத்தான் டிரேசிங் தாளில் வரைந்து, பென்சில் பக்கத்தைக் கீழே கவிழ்த்துத் தேய்ப்போம். அதுவரை நாம் செய்தவை கோலம், தாமரை, நட்சத்திரம். எப்படித் திருப்பினாலும் ஒன்றுதான். இந்தப் படத்தைக் கவிழ்த்துத் தேய்க்க எனக்கு மனம் வரவில்லை. கோடுகள் ஈஷிவிடும். என் கணவரின் பழைய ஆபீஸ் பெட்டியில் கார்பன் தாள் இருந்தது. அதை அடியில் வைத்து, படத்தை நிமிர்த்தி வைத்து, மேலிருந்து கோட்டை ஓட்டிக்கொள்ளச் சொன்னேன். நீ மறந்துவிடாமலிருக்க மூலையில் ‘இந்தப் பக்கம் மேலே’ என்று எழுதியும் கொடுத்தேன்.

நீ தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாய்.

“எப்பவும் கவுத்துத்தானே போடுவோம், அக்கா?”

“கவுத்தா பென்சில் எல்லாம் ஈஷிப்போகும். நான் குடுத்தா சரியாத்தான் இருக்கும். போய் வெட்டு.”

நீ போய் வெட்டினாய்.

நூற்றைம்பது அட்டைகள் ஒற்றினோம். நூற்றைம்பது தடவை அந்தப் படத்தைப் பார்த்தேன். மை அடர்த்தியைப் பார்த்தேன், ஓரத்தைப் பார்த்தேன், பொடி உருகியிருக்கிறதா என்று பார்த்தேன். கையைப் பார்க்கவில்லை. நீயும் அந்த வாரம் நைட் ஷிப்ட் முடிந்து வந்து, கண் சொக்கியபடி டோஸ்டர் பக்கம் நின்றிருந்தாய்.

கண்காட்சியில் முதலில் கவனித்தவள் ஒரு மலாய்ப் பெண். அட்டையை எடுத்து ஆசையாகப் பார்த்தவள், தயங்கி, மலாயில் அக்கா என்று கூப்பிட்டு, “காக், இது தாங்ஙான் கிரி லா,” என்றாள். இடது கை. தப்பாக நினைக்காதீர்கள் என்பதுபோல் சிரித்து, அட்டையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனாள். விஷயம் அவளோடு முடிந்திருக்கலாம். ஆனால் அது கமிட்டித் தலைவியின் காதில் விழுந்தது. கான்வென்டில் என்னோடு படித்தவள். எல்லா வருஷமும் எனக்கு அடுத்த இடத்திலேயே இருந்தவள். அட்டையை விரித்துப் பிடித்துக்கொண்டு, சுற்றி நின்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னாள்.

“அடடா, ஊசி வேலையில சிஸ்டர்கிட்ட முதல் மார்க் வாங்கினவ! தீபாவளி விளக்க ஊருக்கே இடது கையால நீட்டுறியே?”

எல்லோரும் சிரித்தார்கள். நாற்பது பேர் இருக்கும். மாலை நிகழ்ச்சிக்காக நம் மேசையைச் சுற்றி நாற்காலி போட்டிருந்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் எனக்குக் கார்பன் தாள் நினைவுக்கு வந்துவிட்டது. நிமிர்த்தி வைத்ததில் வலது கை இடதாகிவிட்டது; எங்கே தவறு, யார் தவறு, எல்லாம் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகுதான் வாயைத் திறந்தேன்.

“நான் சரியாத்தான் வரைஞ்சு குடுத்தேன். வெட்டினது இவ. பால்மரம் வெட்டின கைதானே, அதுக்கு இடது வலது எங்க தெரியும்?”

மறுபடியும் சிரித்தார்கள். இந்தத் தடவை அது என்மேல் விழவில்லை.

நீ அச்சைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாய். துடைப்பதை நிறுத்தவில்லை. என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்துச் சொன்னாய்: “ஆமாங்க. அவங்க குடுத்தது சரிதாங்க. என் கைதான்.”

சாயங்காலம்வரை நின்று மடித்தாய், கட்டினாய், மேசைத் துணியை நான்காக மடித்து என் பையில் வைத்தாய். பஸ்ஸில் இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்தாய்.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. இறந்தவள் என்பதற்காக அதை மறைக்க மாட்டேன். நீ ஏன் ஒத்துக்கொண்டாய்? டிரேசிங் தாள் உன் பையிலேயே இருந்தது, என் கையெழுத்தோடு. எடுத்துக் காட்டியிருந்தால் ஒரு நாள் அவமானம், அத்தோடு முடிந்திருக்கும். நான் உன்னோடு சண்டை போட்டிருப்பேன், ஒரு மாதம் முறைத்திருப்பேன், பிறகு நீ ஏதாவது சொல்ல நான் சிரித்திருப்பேன். என் பொய்யைப் பிடித்து நிறுத்தாமல், அதை உண்மையாக்கி என் கையில் கொடுத்துவிட்டாய். அதை வைத்துக்கொண்டு உன் முகத்தை நான் எப்படிப் பார்ப்பது?

மூன்றாம் நாள் நீ வந்தாய். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கேட்டுக்கு வெளியே, கையில் அந்தக் காகிதக் கடையின் மஞ்சள் பையோடு நின்றாய். தாளைத்தான் கொண்டுவந்திருக்கிறாய், என் முகத்தில் வீசப்போகிறாய் என்று நினைத்தேன். “அக்கா” என்று இரண்டு தடவை கூப்பிட்டாய். நான் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினேன். வீட்டில் ஆள் இருக்கிறது, கதவு திறக்காது என்று உனக்குத் தெரியட்டும் என்றுதான் கூட்டினேன். நீ கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் தெருவைக் கடந்துபோனாய்.

எதிரெதிர் வீட்டில் நான்கு வருஷம். நீ துணி காயப்போடும் நேரம் பார்த்து நான் உள்ளே போவேன். காடு எரிந்த புகை ஊரை மூடிய வருஷம் பஸ் நிறுத்தத்தில் ஒரு நாள் இருவரும் மாட்டிக்கொண்டோம். இருவர் வாயிலும் கைக்குட்டை. பேசாததற்கு அது நல்ல சாக்காக இருந்தது. உன் பஸ் வந்ததும் நீ என்னைப் பார்த்துத் தலையை அசைத்தாய். நான் பஸ் நம்பரைப் படித்துக்கொண்டிருந்தேன். அடுத்த வருஷம் மஸ்ஜித் தானா ஊரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டாய். லாரியில் சாமான் ஏற்றியதைத் திரையின் ஓரமாகப் பார்த்தேன். நீ இறந்த செய்தி வந்தபோது, முழங்கால் வலி, காரில் அவ்வளவு தூரம் உட்கார முடியாது என்று சொல்லியனுப்பினேன். என் முழங்காலுக்கு ஒன்றுமில்லை.

கருமாதி முடிந்து உன் மகள் வந்தாள். உன் நெற்றி, உன் நடை.

“ஆண்டி, அம்மா இத உங்ககிட்ட குடுக்கச் சொன்னாங்க. என்னான்னு நான் தொறந்து பாக்கல.” டின்னை வைத்துவிட்டு உட்காராமல் நின்றாள். “அம்மா ஏன் உங்க வீட்டுக்கு வர்றத நிறுத்தினாங்க? கேட்டா, ‘அக்காவுக்கு வேலை அதிகம்’னு சொல்லுவாங்க. அவ்ளோதான்.”

“ஆமாம்மா,” என்றேன், “அப்போ எனக்கு வேலை அதிகம்.”

இரண்டாம் தடவையும் நீ கொடுத்த பொய்யையே எடுத்துக்கொண்டேன்.

டின்னுக்குள் அந்த மஞ்சள் காகிதப் பை இருந்தது. பைக்குள் என் டிரேசிங் தாள். மூலையில் என் கையெழுத்து, ‘இந்தப் பக்கம் மேலே’. எனக்கு எதிரான சாட்சியாக நீ பத்திரப்படுத்தியிருப்பாய் என்று இத்தனை வருஷம் நான் நம்பிய தாள். விரித்தேன். என் படம் ஈஷிக் கிடந்தது. நகம், வளையல், திரி எல்லாம் சாம்பல் கறையாக இருந்தன. கவிழ்த்துப் போட்டுக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்திருக்கிறாய். உன் ரேகைகூடத் தெரிகிறது. என்னைக் காட்டிக்கொடுக்கக்கூடிய ஒரே தாளை, அந்த மூன்று நாளுக்குள், புதிதாக ஓர் அச்சு வெட்ட நீ பயன்படுத்திவிட்டாய். தாளுக்குள் சுற்றியிருந்த அச்சில் மைக்கறை இல்லை. ஒரு தடவைகூட ஒற்றிப் பார்க்காமல் கொண்டுவந்திருக்கிறாய். முதல் ஒற்றலை என் மேசையில் ஒற்றுவதற்காக.

நாற்பது பேர் முன்னால் சொன்னதை என் வீட்டுக்குள் உட்கார்ந்து திரும்பப் பெற முடியாது. அதனால் இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். படம் வரைந்தவள் நான். கார்பன் வைத்தவள் நான். கவிழ்க்க வேண்டாமா என்று அச்சு வெட்டியவள் கேட்டாள்; நான் அவள் வாயை அடைத்தேன். அந்த மண்டபத்தில் இருந்தவர்களில் யாராவது படித்தால் போதும். உன் மகளுக்கு நான் இதைத் தபாலில் அனுப்பப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மஸ்ஜித் தானாவுக்குப் போய் அவள் எதிரில் உட்கார்ந்து படிப்பேன். அவள் கதவைச் சாத்தினால் அதுவும் நியாயம்தான்.

அந்தக் கண்காட்சிக்குப் பிறகு நான் அட்டை செய்யவில்லை. ஆனால் யாருக்கு எதை நீட்டினாலும், ஒரு டம்ளர் தண்ணீராக இருந்தாலும், முதலில் என் கையைப் பார்க்கிறேன். எந்தக் கை என்று பார்த்த பிறகுதான் கொடுக்கிறேன். பார்க்கிறவர்கள் வயசாகிவிட்டது என்று நினைக்கிறார்கள்.

இன்று பழைய மையைத் தண்ணீர் விட்டு இளக்கி, நீ வெட்டிய அச்சைத் தொட்டு, ஓர் அட்டையில் ஒற்றினேன். ஒரு நூல்கூடத் தள்ளவில்லை. வளையல் அணிந்த வலது கை, விளக்கோடு என்னை நோக்கி நீண்டிருக்கிறது. அன்றைக்கு என் கேட்டுக்கு வெளியே வந்து நின்ற கை இதுதான். நான் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினேன்.